என்.ஜி.ஓ-வில் முதல் வேலையா? ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

"சேவை செய்யப் போறியா, வேலைக்குப் போறியா? சம்பளமெல்லாம் தருவாங்களா?"

தொண்டு நிறுவன வேலை கிடைத்து சென்னைக்கு பஸ் ஏறுகிற எல்லோரும் சொந்த ஊரில் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். கிண்டலாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதுதான். சம்பளம் தருவார்கள். ஆனால் அது யாருடைய பணம், எத்தனை மாதத்துக்கு வரும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

2025 ஜனவரி 20. அதிபராகப் பதவியேற்ற அன்றே, வெளிநாட்டு வளர்ச்சி உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்தும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்துப் போட்டார். பல நாடுகளில் ஹெச்.ஐ.வி., காசநோய்த் திட்டங்களில் இருந்தவர்கள் வேலையை இழந்தார்கள். திருநர்களுக்காக 2021-ல் ஹைதராபாத்தில் தொடங்கப்பட்ட 'மித்ர்' கிளினிக்கும் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. அங்கே இருந்தவர்கள் வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

'நம்ம ஆபீஸ்ல வெளிநாட்டுப் பணமே கிடையாது' என்கிறீர்களா? அப்படியென்றால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். பணமாக இருக்கும். ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட கம்பெனிகள், கடந்த 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம். அந்த விதிகளில், பல ஆண்டுகளுக்கு நீளும் திட்டம் என்றாலும் தொடங்கிய ஆண்டு போக அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். உங்கள் கான்ட்ராக்ட் ஏன் மார்ச் 31-ல் முடிகிறது, பிப்ரவரி வந்தாலே மேனேஜர் ஏன் சிடுசிடுக்கிறார் என்பதெல்லாம் இப்போது புரிந்திருக்கும். கம்பெனியின் பட்ஜெட் காலண்டர்தான் உங்கள் வேலையின் காலண்டரும்.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் நிறுவனங்களுக்கு இன்னொரு நெருக்கடி. எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்தில் 2020-ல் கொண்டுவந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவிகிதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. பெரிய அமைப்புகளிடம் வாங்கி கிராமத்தில் வேலை செய்துகொண்டிருந்த சின்ன அமைப்புகளுக்கு இது பலத்த அடி. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, பள்ளி ஆசிரியர், மருத்துவமனை டாக்டர் போன்று நேரடியாகக் களத்தில் இருப்பவர்களின் சம்பளம் நிர்வாகச் செலவில் வராது. அக்கவுன்ட்ஸ், ஹெச்.ஆர்., ஆபீஸ் வாடகை எல்லாம் வரும். கையைக் கடிக்கும்போது முதலில் வெட்டு விழுவது இங்கேதான். அப்புறம் என்ன நடக்கும்? கண்ணகி நகரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போன நீங்களே, சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து வவுச்சர் ஒட்டுவீர்கள். ராத்திரி டோனருக்கு ரிப்போர்ட் எழுதுவீர்கள். ஒரு சம்பளம், மூணு வேலை. கேட்டால், 'இது வேலை இல்லப்பா, பேஷன்' என்பார்கள். மன்னிக்கணும், வீட்டு ஓனர் பேஷனை வாடகையாக வாங்கிக்கொள்வதில்லை.

வாடகை என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. பேசிப் பார்க்கலாம், தப்பில்லை. பெண்கள் தமிழ்நாடு அரசின் 'தோழி' விடுதிகளில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது அந்த ஆஃபர் லெட்டரை எடுங்கள். அதில் 'எம்ப்ளாயி' என்று இருக்கிறதா, 'கன்சல்டன்ட்' என்று இருக்கிறதா? கன்சல்டன்ட் என்றால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது, கிராஜுவிட்டியும் கிடையாது. பெரும்பாலும் 10 சதவிகிதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் பணம் வரும். வருமான வரி கட்டும் அளவுக்கு உங்கள் வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிவிடலாம். தினமும் ஒன்பதரைக்கு வந்து பயோமெட்ரிக்கில் விரல் வைத்து, லீவுக்கு மேனேஜரிடம் மெயில் போட்டு நிற்பவர் எந்த ஊர் கன்சல்டன்ட்? 20 பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு பி.எஃப். சட்டம் பொருந்தும் என்பதால், ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டவும் இந்த வார்த்தை உதவுகிறது. தொழிலாளர் உரிமை பற்றி வகுப்பு எடுக்கும் அமைப்புகளிலேயே இது நடக்கிறது என்பதுதான் வேடிக்கை.

10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆபீஸ் என்றால், பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்புகார் குழு கட்டாயம் இருக்க வேண்டும். வேலை நிமித்தமாக நீங்கள் போகும் களமும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் வண்டியும் சட்டப்படி பணியிடம்தான்.

இன்டர்வியூ முடிவில் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?' என்பார்கள் இல்லையா? 'என் சம்பளம் எந்த ப்ராஜெக்ட் பணத்திலிருந்து வருது, அது எப்போ முடியுது?' என்று கேளுங்கள். நல்ல நிறுவனம் என்றால் மாதத்தோடு பதில் வரும். மழுப்பினால், 'கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேங்க' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து டீ குடியுங்கள்.