வேம்புக்குக் கோடாரிதான் வைத்தியமா?

பாண்டியர்கள் சூடிய பூ வேப்பம்பூ. அவர்கள் ஆண்ட மதுரையில், திருநகர் மாதிரி புறநகர்த் தெருக்களில், நுனி கருகிய வேப்பமரத்துக்கு சுலபமாகக் கிடைக்கும் வைத்தியம் கோடாரி! "பட்டுப் போச்சுப்பா, கரண்ட் கம்பி மேல விழுந்துரும்" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், மறுநாள் அது விறகு.

ஆனால் கருகின மரமெல்லாம் பட்ட மரம் இல்லை. நுனிக்கருகலுக்குக் காரணம் ஒரு பூஞ்சை. 1997-இல் மைசூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு 'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்று பெயர் வைத்தார்கள். மழைக்காலத்தில் சாரலோடு பரவும். தேயிலைக் கொசு என்கிற பூச்சி தளிரில் சாறு உறிஞ்சினாலும் இதே மாதிரி கருகும். 2021-இல் தெலங்கானாவில் வேம்புகள் பரவலாகக் கருகியபோது, செத்தே போச்சு என்று பலரும் பயந்தார்கள். வெயில் வந்ததும் பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிடும். வருஷா வருஷம் நோய் திரும்பினால்தான் சிக்கல். பூங்கொத்து கருகினால் காய் இல்லை, காய் இல்லாவிட்டால் விதை இல்லை.

வேப்பெண்ணெயால் பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு 1994-இல் ஒரு அமெரிக்க நிறுவனம் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியது. "எங்க பாட்டி வைத்தியம்டா அது" என்று நம் ஆட்கள் சண்டை போட்டு 2000-இல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். 2005-இல் மேல்முறையீடும் தோற்றது. சபாஷ்! காகிதத்தில் இருந்த வேம்புக்கு வந்த அந்த ரோஷம், வாசலில் நிற்கிற வேம்புக்கு ஏன் வரவில்லை? (பூஞ்சைக்கு மருந்து தரும் மரத்தையே பூஞ்சை தின்பது தனிக் கொடுமை.)

இங்கிலாந்தில் 1970-களில் எல்ம் என்ற மரம் பூஞ்சை நோயால் கோடிக்கணக்கில் செத்தது. அங்கே தப்பிப் பிழைத்த மரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து கன்று எடுக்கிறார்கள். இங்கே தப்பிப் பிழைக்கக்கூடிய மரத்தையும் சேர்த்து வெட்டுகிறோம்!

கருகின கிளையை மட்டும் கழித்து எரிக்க ஒரு ஏணியும் அரிவாளும் போதும். விதை இந்தப் பூஞ்சையைச் சுமக்கும் என்பதால், நோய் அண்டாத மரத்தில் பழம் பொறுக்க வேண்டும். வேப்பங்கொட்டைக்கு ஆயுசு சில வாரம்தான். ஜூன், ஜூலையில் பொறுக்கினதை உடனே ஊன்றிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு, கேமரா முன்னால் நடுகிற விழாக்களுக்கு சீக்கிரம் வளரும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கன்றுதான் வசதியாக இருக்கிறது. வேம்பு போட்டோவில் எடுப்பாக இருக்காது.