நிலம் உண்டு, கை இல்லை

ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் மலாவி என்றொரு சிறிய நாடு உண்டு. அதன் தென்பகுதியில் வாழும் யாவோ, லோம்வே மக்களிடையே நிலம் தாய்வழியாக மகளுக்கே சேருகிறது. மணமகன்தான் மனைவியின் ஊருக்கு வந்து குடியேறுகிறான். நிலமின்மையே பெண்ணின் வறுமைக்குக் காரணம் என்று சொல்லிப் பழகிய நாம், இங்கேயாவது அவள் செழித்திருப்பாள் என எண்ணுவோம். அவ்வாறில்லை, அன்பர்களே!

2014-ஆம் ஆண்டில் உலக வங்கியும் ‘ஒன்’ என்னும் அமைப்பும் இணைந்து ஆறு ஆப்பிரிக்க நாடுகளின் வேளாண்மையைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. மலாவியில் பெண்கள் பொறுப்பிலுள்ள நிலங்கள், ஹெக்டேர் கணக்கில், ஆண்களுடையவற்றைவிட 25 விழுக்காடு குறைவாகவே விளைகின்றன என்று அதில் கண்டிருந்தது. உரமும் விதையும் மட்டுமல்ல, உழைக்கும் கைகள் போதாமையே பெருந்தடை என்றும் அது கூறிற்று.

நவம்பரில் மழை தொடங்கும். ஏர் அரிது, மண்வெட்டியால் பார் பிடித்தே மக்காச்சோளம் விதைக்கிறார்கள். முளைத்த சில வாரங்களுக்குள் களை எடுத்தாக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அறுத்த தானியம் தீர்ந்து பசி தொடங்குவதும் அதே வேளையில்தான். கணவனை இழந்தவளோ, கணவன் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றவளோ என்ன செய்வாள்? ஆள் அமர்த்தப் பணமில்லை. பிள்ளைகளின் பசிக்காகப் பிறர் வயலில் களை எடுக்கப் போகிறாள். ‘கன்யூ’ என்பது அக்கூலி வேலையின் பெயர். கூலியாக மாவு தருவதும் உண்டு. அவள் வயலிலோ களை மண்டுகிறது. சோளத்துக்கு இட்ட உரத்தையும் களையே உண்கிறது. அறுவடை குறைய, மறு ஆண்டு இன்னும் முன்னதாகவே கன்யூவுக்குப் போக நேரிடுகிறது.

கணவன் உடனிருந்தால் குறை தீருமா? புர்க்கினா பாசோ நாட்டுக் கிராமங்களில் 1981 முதல் 1985 வரை எடுத்த கணக்குகளைப் பொருளியல் அறிஞர் கிறிஸ்டோபர் உட்ரி ஆராய்ந்து 1996-இல் வெளியிட்டார். (அக்கணக்குகளைத் திரட்டியது ஐதராபாத்தை அடுத்த பதான்சேருவில் தலைமையகம் கொண்ட பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனம் என்பது நம்மவர் பலர் அறியாதது.) ஒரே குடும்பம், ஒரே பயிர், ஒரே ஆண்டு, எனினும் மனைவியின் நிலத்தில் விளைச்சல் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு! எருவும் ஆட்களின் உழைப்பும் கணவன் வயலுக்கே மிகுதியாகச் சென்றன. அவற்றைச் சரிவரப் பகிர்ந்திருந்தால், ஒரு காசும் செலவின்றி அவ்வீட்டின் மொத்த விளைச்சல் 6 விழுக்காடு அளவு உயர்ந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டார். இது வறுமையன்று, வீட்டுக்குள் நிகழும் பாகுபாடு. குடும்பத் தலைவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

பெண்களின் சுமையை இலகுவாக்கும் கருவிகள், ஆள் அமர்த்தச் சிறு கடனுதவி, குழந்தைக் காப்பகங்கள் எனப் பல வழிகள் பேசப்படுகின்றன. மூன்றாவதே உடனடிப் பயன் தரும் என்பது நம் கருத்து. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு குனிந்து களை எடுப்பவளுக்கு அதன் அருமை தெரியும். மலாவிக் கிராமங்களில் ஊராரே இத்தகைய காப்பகங்களை நடத்துகின்றனர். பெற்றோர் தரும் மாவில் கஞ்சி காய்ச்சிக் குழந்தைகளுக்கு ஊட்டுகின்றனர். ஆனால் மழைக்காலத்தில், தாய்மாருக்கு அவை மிகவும் வேண்டியிருக்கும் அவ்வாரங்களில்தான், வீடுகளில் மாவு தீர்ந்து பல காப்பகங்கள் மூடப்படுகின்றன.