ஆளில்லாத ஆய்வுகூடம் கிணற்றுக்கு உதவாது

திருகோணமலை மாவட்டத்தின் ஈச்சிலம்பற்றுக்கு வடக்கே, நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தெற்கே, வந்தாறுமூலையில் அதே பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம். மட்டக்களப்பு - திருகோணமலை வீதி இரண்டுக்கும் இடையில் இந்தப் பிரதேசத்தை ஊடறுத்தே போகிறது. இருந்தும் இங்குள்ள பூநகரிலோ இலங்கைத்துறை முகத்துவாரத்திலோ ஒரு தாய், பிள்ளைக்குக் கொடுக்கும் கிணற்றுத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறிய நினைத்தால், போத்தலை எடுத்துக்கொண்டு எந்தப் பல்கலைக்கழகப் படியேறுவது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நீரைச் சோதிக்கும் ஒளிர் உணரிகளுக்கான ஆய்வுகூடம் ஒன்று அமையவேண்டும், கருவி வாங்குமுன் அதில் வேலை செய்யும் ஆட்களுக்கு நிலையான பதவி தரப்படவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.

புளோரொளிர்வு உணரி என்ற பெயர் மிரட்டினாலும் விடயம் எளிது. வங்கியில் காசுத்தாளை ஊதா விளக்கின் கீழ் பிடிக்கும்போது சில கோடுகள் பளிச்சென்று எரிவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அப்படி ஒளிரக்கூடிய ஒரு மூலக்கூறோடு, குறித்த ஓர் அயனை மட்டும் பற்றிக்கொள்ளும் கை ஒன்றை இரசாயனவியலாளர் பொருத்துகிறார்கள். கை வெறுமையாக இருக்கும்வரை அதிலிருந்து ஓர் இலத்திரன் ஒளிரும் பகுதிக்குத் தாவி விளக்கை அணைத்து வைத்திருக்கும். தேடிய அயன் வந்து கையில் அகப்பட்டதும் தாவல் நின்று விளக்கு எரியும். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு அயன் தண்ணீரில் இருக்கிறது என்று கணக்கு.

இந்த வேலையில் இலங்கைக்குப் பழைய உரிமை உண்டு. 1985இல் கொழும்புப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையிலிருந்து ஏ. பிரசன்ன டி சில்வாவும் ரூபசிங்கவும் எழுதிய ஒரு சிறு கட்டுரை பிரித்தானிய இரசாயனச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. மேலே சொன்ன இலத்திரன் தாவலை வைத்து, அமிலத்தையும் காரத்தையும் ஒளியால் காட்டும் புதிய வகைக் காட்டிகளை அது அறிவித்தது. அடுத்த ஆண்டு டி சில்வா பெல்பாஸ்ட் குயீன்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1993இல் அங்கிருந்து, சோடியமும் ஐதரசன் அயனும் சேர்ந்து வந்தால் மட்டுமே ஒளிரும் ஒரு மூலக்கூறைப் பற்றி, குணரத்ன, மக்கோய் ஆகியோருடன் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மூலக்கூறுகளைக் கொண்டு கணிக்கும் துறை அந்தக் கட்டுரையிலிருந்தே எண்ணப்படுகிறது. இரத்தத்தில் சோடியம், பொற்றாசியம் அளவுகளைச் சொல்லும் வைத்தியக் கருவிகளும் இதே தத்துவத்தில் வெளிநாடுகளில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்துவிட்டன.

இப்படி வெளிநாடு போனவர்களை நாம் குறைகூறவில்லை. இருப்பவர்களின் நிலையைப் பாருங்கள். எந்த ஆய்வுகூடத்திலும் பேராசிரியர் ஒருவர்தான். அவருக்கும் விரிவுரை, விடைத்தாள், கூட்டம் என்று பகல் கழிந்துவிடும். மூலக்கூறைச் சமைப்பது, பகுதி பகுதியாகப் பிரித்துத் தூய்மையாக்குவது, நூறு தடவை அளப்பது எல்லாம் ஆய்வு மாணவர்களும் தற்காலிக உதவி விரிவுரையாளர்களும் செய்யும் வேலை. கருவியின் விளக்கு எப்போது மங்கும், எந்தக் கரைப்பான் முடியப்போகிறது என்பது தொழினுட்ப உத்தியோகத்தருக்குத்தான் தெரியும். போத்தல் கழுவும் ஆய்வுகூட உதவியாளர் ஒருநாள் அசட்டையாக இருந்தால் ஒரு வாரத்து அளவீடு பொய்யாகிவிடும். இந்தத் தொழிலில் அழுக்குக் கண்ணாடியும் ஒளிரும். இவர்களில் பலரின் நியமனக் கடிதத்தில் முடிவுத் திகதி அச்சிட்டிருக்கிறது. திட்டப் பணம் தீரும் நாளில் ஆளும் போகிறார், அவர் கைப்பழக்கமும் போகிறது. கருவி பொலித்தீன் உறைக்குள் தூங்கத் தொடங்குகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. உலகெங்கும் வெளிவரும் ஒளிர் உணரிக் கட்டுரைகளில் பெருந்தொகையானவை அசற்றோநைத்திரைல் போன்ற சேதனக் கரைப்பானில் சோதிக்கப்பட்டவை. அங்கே அழகாக எரியும் மூலக்கூறு, கிணற்றுத் தண்ணீரைக் கண்டதும் ஊமையாகிவிடும். புளோரைட்டு அயனைத் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துகொள்வதால் உணரியின் கைக்கு அது எளிதில் எட்டுவதில்லை. இரும்பும் செம்பும் ஒளியை அணைக்கும். இலைதழை மக்கிய நீர் தானாகவே ஒளிர்ந்து குழப்பும். ஆகவே உணரி உண்மையில் உதவுமா என்பதைத் தீர்மானிக்கும் பரீட்சை நடக்கவேண்டிய இடம் கிணற்றடி. ஈச்சிலம்பற்றுக்கு ஆய்வுகூடம் தேவைப்படுவதுபோல, ஆய்வுகூடத்துக்கும் ஈச்சிலம்பற்று தேவைப்படுகிறது.

அளந்து பார்ப்பதன் பெறுமதி கிழக்குக்குத் தெரியாததல்ல. 2004 ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளில் கடலைக் கொண்டுவந்து கொட்டியது. உப்பைப் போக்க என்று கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலே ஏறிவரும், மழைதான் கிணற்றை ஆற்றும் என்பது தொடர்ந்து அளந்த பின்னரே உறைத்தது. உப்பை அளக்கச் சாதாரண மின்கடத்துமானி போதும். ஆனால் புளோரைட்டும் நைத்திரேற்றும் பல உலோகங்களும் நாக்குக்குத் தெரிவதில்லை. புளோரைட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எமது மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பக்கம் காரணம் இன்னும் முழுதாகத் தெரியாத சிறுநீரக நோய் குடும்பங்களைத் தின்கிறது. வெருகலாறு மகாவலியின் கிளை. எத்தனையோ வயல்களைக் கழுவிக்கொண்டு வந்தே கடலில் விழுகிறது. ஈச்சிலம்பற்றுக் கிணறுகள் கெட்டுவிட்டன என்று நாம் சொல்லவில்லை. கெட்டதா நல்லதா என்று கிணறு கிணறாக மக்களுக்குத் தெரியவேண்டும் என்கிறோம்.

குழாய்நீர் கொடுத்துவிட்டால் உணரி எதற்கு என்று கேட்பார்கள். குழாய்நீர் கட்டாயம் வேண்டும். உணரி எந்தத் தண்ணீரையும் சுத்தமாக்காது. ஆனால் குழாய் வரும்வரை எந்தக் கிணற்றில் குடிப்பது, எந்த ஊருக்குக் குழாயை முதலில் இழுப்பது என்பதை அளவீடு இல்லாமல் யார் சொல்வது? செல்வாக்குள்ள ஊருக்கே முதலில் போகும். நாடு கடனில் நிற்கும்போது ஆராய்ச்சி ஆடம்பரம் என்றும் சொல்வார்கள். இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். இதில் வெட்ட என்ன மிஞ்சியிருக்கிறது? இலங்கைத்துறையில் வலை இழுப்பவரும் கடையில் சவர்க்காரம் வாங்கும்போது 18 சதவீதப் பெறுமதி சேர் வரி கட்டுகிறார். அந்தக் காசில் படித்த பட்டதாரியை 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் விமான நிலையத்தில் வழியனுப்பிக்கொண்டிருப்பதுதான் உண்மையான வீண்செலவு.

எமது கோரிக்கைகள் மூன்று. முதலாவது, வந்தாறுமூலை இரசாயனவியல் துறையும் திருகோணமலை வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் சேர்ந்து நடத்தும் நீர் உணரி ஆய்வுகூடத்துக்கு, தொழினுட்ப உத்தியோகத்தர், ஆய்வு உத்தியோகத்தர் பதவிகளைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நிரந்தரமாக அனுமதிக்கவேண்டும். ஆய்வு மாணவரின் கொடுப்பனவு, அவர் மாலையில் ரியூசன் வகுப்புக்கு ஓடாமல் சீவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். இரண்டாவது, கருவி வாங்கும் பணத்தோடு திருத்தத்துக்கும் இரசாயனப் பொருளுக்குமான பணம் ஆண்டுதோறும் தனியாக ஒதுக்கப்படவேண்டும். மூன்றாவது, ஈச்சிலம்பற்றை நிர்வகிக்கும் வெருகல் பிரதேச செயலகமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் கிணற்றுப் பதிவேடு ஒன்றைத் திறக்கவேண்டும். ஆய்வுகூடத்தின் முடிவுகள் தமிழில், கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில், ஊரார் வாசிக்கும்படி ஒட்டப்படவேண்டும். நீரள்ளிக் கொடுக்கும் வேலையில் உயர்தர விஞ்ஞான மாணவர்களைச் சேர்த்தால், நாளை அந்த ஆய்வுகூடத்துக்கு ஆள் தேடி வேறெங்கும் போகவேண்டியதில்லை.

கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை நாம் ‘பாதை’ எனப்படும் மிதவைக்காகக் கரையில் காத்துநின்றவர்கள். இப்போது பாலங்கள் வந்துவிட்டன. பல்கலைக்கழகத்திலிருந்து கிணற்றடிக்கு வருவதற்கு வீதி குறுக்கே நிற்கவில்லை. 1985 கட்டுரையில் கொழும்புப் பல்கலைக்கழகம் என்ற முகவரி இருந்தது. அதேபோன்ற ஒரு கட்டுரை வந்தாறுமூலை முகவரியில், ஈச்சிலம்பற்றுக் கிணற்றுத் தண்ணீரின் அளவீடுகளோடு வெளிவரத் தடையாக இருப்பது எது என்பதை உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சு அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் கிழக்கு மக்களுக்குச் சொல்லவேண்டும்.