மரமேறும் கருவிகளும் பெட்ரோல் இயந்திரங்களும் ஒரே கொட்டகையில் இருக்கலாமா?

சங்கரன்கோவில் வட்டாரத்துப் பனைகளும், மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும், ஏறுவோர் இல்லாவிடில் பலன் தரா என்பது குடியானவர் யாவரும் அறிந்ததே. கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென 2021ஆம் வருஷத்து வேளாண் வரவு செலவுத் திட்டத்தில் மாகாண சர்க்கார் அறிவித்தது. ஆகவே நிற்கும் பனையினின்று பதநீரும் நுங்கும் எடுப்பதே நிலக்காரருக்கு உகந்த வழியாகும். அதற்கோ ஏறுவோர் கிடைப்பது அரிதாகி வருகிறது. இருக்கும் சிலருடைய உயிரைக் காப்பதில் நிலக்காரர் போதிய கவனம் செலுத்துகின்றனரா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

மரத்தின்மேல் இருக்கையில் கொள்ள வேண்டிய ஜாக்கிரதையைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். ஏறும் கருவி இராப்பொழுதில் எங்கே கிடக்கிறது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. தளைநார், முருக்குத்தடி, அரிவாள் பெட்டி ஆகியவை ஏறுவோர் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தவை. இப்பொழுதோ தென்னை ஏறும் இயந்திரமும், நைலான் கயிறும், இடுப்புவாரும் அநேகமாக நிலக்காரரின் பம்புசெட் கொட்டகையில் கிடக்கின்றன. அதே மூலையில் மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பமும், களை வெட்டும் இயந்திரமும், விசைத் தெளிப்பானும், பழைய பாட்டரியும், பெட்ரோல் கேனும் நெருக்கி வைக்கப்படுகின்றன. இவ்வழக்கம் கண்டிப்பாய் மாற வேண்டும்.

பெட்ரோல் பட்ட மாத்திரத்தில் நைலான் கயிறு அறுந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர், அது சரியன்று. பெரிய அபாயம் பாட்டரியிலுள்ள கந்தகத் திராவகத்தினால் வருவது. அது நைலான் இழைகளை உள்ளூர அரித்துவிடும். கயிறு பார்வைக்குப் பழுதின்றித் தோன்றும். ஆனால் ஆளின் பாரத்தைத் தாங்காது. பெட்ரோலும் எண்ணெயும் ஏறும் இயந்திரத்தின் ரப்பர்ப் பட்டைகளை ஊதச் செய்து இளக்கும். அப்பட்டை மரத்தில் பிடிக்காமல் வழுக்கும். ரம்பத்தின் சங்கிலிக்கு இடும் எண்ணெய், வேலை முடிந்த பின்னும் சிறிது சிறிதாகக் கசியும். அது கயிற்றில் ஊறினால் மணலும் தூசும் இழைகளுக்கு நடுவே புகுந்து, கயிறு இழுபடும்தோறும் உள்ளிருந்தே அறுக்கும். சூடு ஆறாத புகைக்குழல் மேலே பட்டால் நைலான் உருகும். நாரினாலும் தோலினாலும் செய்த பழைய கருவிகளுக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது. அவை வழுக்குவதோடு எளிதில் தீப்பற்றவும் செய்யும்.

தீ விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாமல் தரையோடு படர்ந்து நிற்கும். பூட்டிய கொட்டகையில் ஒரு பீடி நெருப்போ, மோட்டார் சுவிட்சின் பொறியோ போதும். 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியம் சட்டத்தின்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரை லைசென்சின்றி வைத்திருக்கலாம். ஆயின் அது இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில் இருத்தல் வேண்டும். முன்னிரண்டும் 1 லிட்டருக்கும், உலோகப் பாத்திரம் 25 லிட்டருக்கும் மேற்பட்டதாய் இருத்தல் கூடாது. குடிநீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி இறவாணத்தில் செருகி வைப்பது சட்டத்துக்கும் புத்திக்கும் ஒவ்வாத காரியம்.

தோப்புக்குக் கொண்டு செல்லும்போதும் இதே பிரிவினை அவசியம். கயிறும் வாரும் மூடியுள்ள பெட்டியிலோ தடித்த பையிலோ தனியாக இருக்க வேண்டும். ரம்பத்துக்கு உறையிட்டு, டிரெய்லரின் மறுகோடியில் அசையாமல் கட்ட வேண்டும். கேனை விளிம்புவரை நிரப்பாமல், வெயில் படாதவாறு நிமிர்த்தி வைக்க வேண்டும். இயந்திரம் ஆறிய பின்னரே, ஏறும் கருவிகளுக்கு எட்டத்தில், வெறுந்தரையில் வைத்து எண்ணெய் ஊற்றுதல் நலம்.

சிறு குடியானவருக்கு இருப்பது ஒரே கொட்டகை; இரண்டாவது அறைக்கு எங்கே போவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் இதற்கு அறை வேண்டியதில்லை. ஏறும் கருவிகளை வீட்டுச் சுவரில், வெயிலும் எலியும் எட்டாத உயரத்தில், ஒரு மர முளையில் தொங்கவிட்டால் போதும். கொட்டகை இயந்திரங்களுக்கு இருக்கட்டும். பாட்டரியும் பூச்சி மருந்தும் ஒருபோதும் கயிற்றுக்கு அருகில் வரலாகாது. திராவகம் பட்டதென்று ஐயம் தோன்றிய கயிற்றைத் துண்டு துண்டாய் வெட்டிவிட வேண்டும்; முழுதாய் விட்டால் யாரேனும் அறியாமல் அதைக் கட்டிக்கொண்டு ஏறுவர். பழுதில்லாத கயிற்றுக்கும் வாருக்கும் கூடப் பல உற்பத்தியாளர் 10 வருஷத்தையே உச்ச வரம்பாகக் குறித்துள்ளனர்.

ஏறுபவர் கயிற்றை நம்பியே ஏறுகிறார். அக்கயிறு முந்தின இரவு எதன்மேல் கிடந்தது என்பதை அவர் அறியார். கொட்டகையின் சாவி அவரிடம் இல்லை. ஆதலின் பொறுப்பு சாவியை வைத்திருப்பவரையே சேரும். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும், இயந்திரங்களை வாடகைக்கு விடும் இடங்களில் ஏறும் கருவிகளுக்குத் தனியிடம் உண்டா என்று பார்வையிடுதல் நன்று. பதநீர்ப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு நிலக்காரரும் தம் கொட்டகையை ஒருமுறை திறந்து பார்த்து, கயிற்றையும் கேனையும் பிரித்து வைப்பாராக. அதற்குச் செலவு ஒரு முளையும் அரைமணி நேரமுமே.