வாய்க்காலுக்கு மேற்கேயும் பாருங்கள்

மாண்புமிகு புதுச்சேரி முதலமைச்சர் அவர்களுக்கு,

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில் இருக்கும் மஞ்சள் சுவர் வீதிகளுக்காகப் பேச ஆள் உண்டு. சுற்றுலா விளம்பரங்களில் அவைதான் நிறைந்திருக்கின்றன. நான் எழுதுவது மேற்கே, தமிழர் பகுதியில் கேட்பாரின்றி நிற்கும் வீடுகளுக்காக.

வைசியாள் வீதியில் ஒரு மதிய வேளையில் நடந்து பாருங்கள். வாசலில் திண்ணை. அதற்கும் முன்னால் தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பாகத் தாழ்வாரம். திண்ணை வீட்டுக்கு வருகிறவருக்கு. தாழ்வாரம் வழியே போகிறவருக்கு. சொந்தக் காசில் தெருவுக்கு நிழல் போட்டுக் கொடுத்த மனிதர்கள் வாழ்ந்த ஊர் இது. மாடியை நிமிர்ந்து பார்த்தால் வளைவு ஜன்னல்களும் சுதையில் எழுப்பிய அரைத்தூண்களும் பிரெஞ்சுப் பாணியில் இருக்கும். கீழே தமிழ் வீடு, மேலே பிரெஞ்சு மாடி. பாரிஸிலும் இதைப் பார்க்க முடியாது, தஞ்சாவூரிலும் பார்க்க முடியாது.

2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கின் துணையோடு இந்த வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கேற்றார்கள். கைகொடுக்க ஒருவர் இருந்தால் மக்கள் முன்வருவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அப்படியும் இந்த வீடுகள் இடிபடுகின்றன. இடிக்கிறவர்கள் எல்லோரும் பணத்தாசை பிடித்தவர்கள் அல்லர். பாகம் பிரியாத சொத்து, வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில், ஒழுகும் கூரை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காமல் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். கேடு அங்கேதான் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சுவர் வாங்கிய ஈரத்தைத் தானே வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்து வைக்கிறது. அந்த ஈரம் சுவருக்குள் செருகியிருக்கும் உத்திரத்தின் முனையைத் தின்கிறது. அறைக்குள் நின்று பார்த்தால் உத்திரம் கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் இருக்கும் பகுதி உளுத்துக் கொட்டியிருக்கும். பிறகு ஒரு பெருமழை போதும்.

பெருமழை என்ன செய்யும் என்பதை மேரி கட்டடத்தில் பார்த்தோம். 1870-71-இல் எழுந்த அந்த நகர மன்றம் 2014 நவம்பர் 29 அன்று சரிந்து விழுந்தது. அதே வடிவில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தோம்; மகிழ்ச்சிதான். அரசுக் கட்டடம் என்பதால் நிதி வந்தது. ஒரு விதவைத் தாய் குடியிருக்கும் தாழ்வார வீடு விழுந்தால், அந்த இடத்தில் எழப்போவது நான்கு மாடி விடுதிதான்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடுகளில் குடியிருப்போருக்கு வீட்டுவரியைத் தள்ளுபடி செய்யுங்கள். மானியம் முகப்புக்கு மட்டும் என்றில்லாமல் கூரைக்கும் உத்திரத்துக்கும் போகட்டும். சுண்ணாம்பு வேலையை ஐ.டி.ஐ.யில் ஒரு பாடமாக வையுங்கள். இளைஞர்களுக்குப் பிழைப்பும் ஆகும். இடிக்க அனுமதி கேட்டு மனு வந்தால், பழைய கட்டுமானம் தெரிந்த பொறியாளர் ஒருவர் நேரில் போய் உத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடட்டும்.

மற்றவற்றுக்குக் காலம் பிடிக்கலாம். கூரைப் பழுதுக்கான மானியத்தை மட்டும் ஆடி மாதத்துக்குள் அறிவித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் நனைந்த ஓட்டின்மேல் எந்த வேலையாளும் ஏறமாட்டார்.

இப்படிக்கு,
புதுச்சேரிவாசி ஒருவர்