ஒரே அளவுகோல் போதாது

நங்கநல்லூரில் மார்கழிக் கச்சேரி மேடையும் பள்ளி ஆண்டுவிழா மேடையும் அருகருகே இருக்கின்றன. முதலாவதில் ஆடும் பரதம் கலை, இரண்டாவதில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவது வெறும் குதியாட்டம் என்ற தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை. இந்தத் தீர்ப்பு தவறு. ஒவ்வொரு ஆட்டமும் தன் பார்வையாளர் இருக்கும் தூரத்தை வைத்தே உருவாகியிருக்கிறது. சிறிய அரங்கில் கண்ணசைவால் ஒரு பதத்தை விரித்துக்காட்ட பரதக் கலைஞர் பாலசரஸ்வதியால் முடிந்தது. இரவு முழுக்கத் திறந்தவெளியில் நடக்கும் தெருக்கூத்தில் கண்ணசைவு கடைசி வரிசைக்கு எட்டாது; அதனால்தான் பெரிய கிரீடம், புஜகட்டை, சுழன்றாடும் அடவு. சினிமாவில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேமராவே முடிவு செய்கிறது.

பரதத்துக்குப் பல வருடப் பயிற்சி வேண்டும், மற்றவற்றுக்கு வேண்டாம் என்பார்கள். பயிற்சியின் அருமை உண்மைதான். ஆனால் கூத்துக்காரர் ஆடிக்கொண்டே பாடவும் வசனம் பேசவும் வேண்டும். அதுவும் இளவயதிலிருந்து கற்பதே. பரதத்துக்குச் சினிமாவும் அந்நியமல்ல. வழுவூர் ராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா 1947இல் ‘நாம் இருவர்’ படத்தில் ஆடியபோது, சபா வாசலையே மிதிக்காத பலர் பரதத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். ‘சதிர்’ என்ற பெயரில் இகழப்பட்ட அந்தப் பரதத்துக்கே 1930களில்தான் மியூசிக் அகாடமி மேடை கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. அன்று அதை ஆடிவந்த குடும்பங்களுக்கு நாம் செய்த அநீதியை இன்று கூத்துக்கும் கரகத்துக்கும் செய்ய வேண்டாம். சபாக்கள் வரும் மார்கழியில் ஒரு மாலையையாவது தெருக்கூத்துக் குழுவுக்கு, முழு நேரமும் முழுச் சம்பளமும் தந்து, ஒதுக்க வேண்டும்.