கறுப்புக்கு எதுக்குக் கறுப்புக் கண்ணாடி?

ஸ்கூட்டரில் கிளம்பும்போது என் மனைவி முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கை வரை கையுறை, கூலிங் கிளாஸ் என்று சகலமும் மாட்டிக்கொள்வாள். "பாங்க் கொள்ளைக்கா கிளம்பிட்டே?" என்பேன். தினமும் இதே ஜோக்தான். அவளும் தினமும் சிரித்ததில்லை.

நமக்கு ஹெல்மெட் மட்டும். அதிலும் முன்பக்கக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டால்தானே காற்று வரும்?

போன மாதம் வலது கண்ணில், மூக்கை ஒட்டிய ஓரத்தில் சிவப்பாக ஏதோ திரண்டிருந்தது. தூசியாக்கும் என்று சொட்டு மருந்து விட்டேன். போகவில்லை. கண் டாக்டர் லைட் அடித்துப் பார்த்தார்.

"சதை வளருது. எத்தனை வருஷமா பைக் ஓட்டறீங்க?"

"பன்னிரண்டு வருஷமா சார்."

"கூலிங் கிளாஸ் போடறதில்லையா?"

"நம்மள்லாம் கறுப்புத் தோல். வெயில் என்ன சார் பண்ணும்?"

"தோல் கறுப்பு, சரி. கண்ணோட வெள்ளையுமா கறுப்பு?"

வாயை மூடிக்கொண்டேன்.

கறுப்புத் தோலில் உள்ள மெலனின் ஓரளவு குடை பிடிக்கிறது. வெள்ளைக்காரர்களைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவாக இருப்பது அதனால்தான். வெள்ளைவிழிக்கு அந்தக் குடை இல்லை. புற ஊதாக் கதிர், காற்று, தூசி எல்லாம் வருஷக்கணக்கில் பட்டால் சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறலாம். பார்வையை மறைத்தால் ஆபரேஷன். எடுத்த பிறகும் திரும்ப வளரலாம். கண்புரை வருவதிலும் இந்தக் கதிருக்குப் பங்கு உண்டு.

2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 69 வயது டிரைவர் ஒருவரின் படம் வந்தது. 28 வருஷம் லாரி ஓட்டியவர். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். ஜன்னலோர இடது கன்னம் மட்டும் அப்பா மாதிரி, வலது கன்னம் பிள்ளை மாதிரி! ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் 'யூ.வி.ஏ.' கதிர் உள்ளே வந்துவிடும்.

நான் காமர்ஸ் படித்தவன். வெயிலும் தேய்மானக் கணக்குதான் எழுதுகிறது. தினமும் கொஞ்சம். தொகை பெரிதான பிறகுதான் நம் கண்ணில் படுகிறது!

பிளாட்பாரத்தில் ஒரு கண்ணாடி பேரம் பேசினேன். டாக்டர் எச்சரித்தது ஞாபகம் வந்தது. கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடி ஆபத்தாம். இருட்டுக்குக் கண்மணி விரிந்து, கதிர் இன்னும் தாராளமாக உள்ளே போகுமாம். கடைக்குப் போய் 'யூ.வி. 400' கேட்டு வாங்கினேன்.

மறுநாள் கூலிங் கிளாஸ், முழுக்கைச் சட்டை, மூடிய ஹெல்மெட் சகிதம் வாசலில் நின்றேன். மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த பாங்க்?"